மச்சான் கையிலிருந்து வாங்கிய கயிறு

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடுதாசியில் பேச்சு என்னுடையது, எழுத்து உன் தங்கை ரீத்தாவுடையது. என் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறேன். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் சிறு மணல் மூட்டை வைத்திருக்கிறது. காது விஷயம்தான் உனக்குத் தெரியுமே. சங்கு குளித்துக் குளித்து இடது காது முழுவதும் போயிற்று. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் விழும். இந்த வார்டில் கத்தக் கூடாது. ஆகையால் என் மணிக்கட்டில் ஒரு துணி நாடாவைக் கட்டி, மறுமுனையை ரீத்தா பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்பதற்கு ஆமாம் என்றால் ஒரு இழுப்பு, இல்லை என்றால் இரண்டு. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தால் என் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுதுகிறாள். வலது கையில் பேனா, இடது கையில் தகப்பன். நம் குடும்பத்தில் முதல்முதலாக பி.ஏ. படித்தவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுகிற கரடுமுரடை எல்லாம் சீவி நல்ல தமிழாக எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். "ஏளா, நான் சொன்னபடியேதான எழுதுத?" என்று இப்போது கேட்டேன். ஒரு இழுப்பு வந்தது. கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் வந்தது.

கொழும்பிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. இந்த வயதில் கண்ணில் கத்தி வேண்டாம், தைலம் அனுப்புகிறேன், பொறுங்கள் என்று எழுதியிருந்தாய். தைலமும் வந்தது. அதற்குள் உன் சவரிமுத்து மாமா உனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கிறான். அதில் அவனே என்னை ஆப்பரேசன் மேசையிலிருந்து பாதி உருவி எடுத்ததைப் பற்றி அவன் பாணியில் எழுதியிருப்பான். அதைப் படித்துவிட்டு நீ வேலையை விட்டுக் கப்பல் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்லி எழுதுகிறேன். ஆப்பரேசன் முடிந்துவிட்டது. வலது கண்ணில் மட்டும் செய்திருக்கிறார்கள். இடது கண்ணைச் சும்மா சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். கட்டைப் பிரித்த பிறகுதான் பார்வை வந்ததா இல்லையா என்று தெரியும். டாக்டர் நல்லபடியாகத்தான் முடிந்தது என்கிறார். ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறார். அந்த மனுசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டில் யாரும் என்னிடம் கத்திப் பேசியதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் ஓடி வந்து எனக்கு நேராக நிற்பாய். வாயைத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவாய். நான் உன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். கண்ணால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கொழும்புக்குப் போன பிறகு கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. கடல் வெயில் பட்ட கண் என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு எல்லோர் முகமும் அடுப்புப் புகைக்குப் பின்னால் நிற்கிறது போலாயிற்று. உதடு அசைகிறதா, சிரிக்கிறதா, கோணுகிறதா, ஒன்றும் தெரியாது. பார்வை போனால் மற்றவர்களுக்குப் பார்வை மட்டும்தான் போகும். எனக்குப் பேச்சும் சேர்ந்து போகும். கத்தி தவறினால் என் வீட்டுக்குள்ளேயே நான் யாரோடும் பேச்சில்லாத ஆளாகிவிடுவேன். அதை நினைத்துத்தான் நீ தைலம் அனுப்பினாய். அதையே நினைத்துத்தான் நான் கத்திக்குச் சம்மதித்தேன்.

உன் தங்கை எவ்வளவு கூச்சக்காரி என்று உனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் விடுதியில் இருந்து படித்தாள். பட்டம் வாங்கின அன்றைக்குக்கூடப் படம் எடுக்கிறவனுக்கு முன்னால் பாதி முகத்தைத்தான் காட்டினாள். அப்படிப்பட்டவள் தினம் சாயங்காலம் என் வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைத் தொண்டை கிழியக் கத்தி வாசிக்கும்படி ஆயிற்று. முதலில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். சத்தத்துக்குக் கதவு எந்த மூலைக்கு? எதிர் வீட்டு மீன்காரி மரியம்மை வாசலில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தோணித் துறையிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அவளுக்கு ஜலதோஷம், மெதுவாக வாசித்தாள். தெருவிலிருந்து மரியம்மை சத்தம் போட்டது, அதிசயமாக என் காதிலேயே விழுந்தது.

"ஏளா ரீத்தா, என்னத்த முணுமுணுக்க? அரிசி கூப்பன் சேதிய இன்னொருக்கா வாசி. பாதி காத்துல போயிட்டு!"

ரீத்தா பேப்பரை மடியில் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள். "பேப்பருக்கு நீயா துட்டு குடுத்த?" என்று உன் அம்மா மரியம்மையைக் கேட்டிருக்கிறாள். "ஒங்க வீட்டுக்காரரும்தான் கேக்காரு, அவரு மட்டும் குடுத்தாரா, அந்தப் பிள்ளைதான குடுக்கு" என்று அவள் சொன்னாளாம். அன்றிலிருந்து கதவைச் சாத்துவதை விட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் இரண்டு இழுப்பு இழுக்கிறாள், எழுத மாட்டாளாம். எழுது ஏளா, அண்ணனுக்குத் தெரிய வேண்டாமா? ரேஷன், துணிக் கட்டுப்பாடு, ஆழ்கடல் துறைமுகம் கட்டப் போகிறார்கள் என்று வருஷா வருஷம் வருகிற பேச்சு, நீ இருக்கிற ஊரில் நம் ஆட்களுக்குக் குடியுரிமை உண்டா இல்லையா என்ற சட்டம், எல்லாம் எங்கள் தெருவுக்கு உன் தங்கை தொண்டை வழியாகத்தான் வந்தது. பேப்பர் என்றால் எழுத்துத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற சாமான் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மரியம்மை அரிசிக் கணக்கில் கடைக்காரனை மடக்கி நிறுத்திய நாளில்தான் அது வெயில் மழை போல எல்லோர் மேலும் விழ வேண்டிய ஒன்று என்று விளங்கியது.

ஓட்டுக்குப் பேர் எழுத ஆள் வந்தான். இனிமேல் நிலம் வேண்டாம், வரி வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ரீத்தா ஏற்கெனவே வாசித்திருந்தாள். அவன் உன் அம்மாவிடம் பெயர் கேட்டான். "இவுக சம்சாரம்னு எழுதுங்க" என்றாள் உன் அம்மா. அவனும் எழுதப் போனான். கதவுக்குப் பின்னால் நின்ற ரீத்தா, "அம்மாவுக்குப் பேர் இருக்கு" என்றாளாம். அவன் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தேடினானாம். உன் அம்மா வெட்கத்தோடு பெயரைச் சொன்னாள். எங்கள் கலியாண ஓலைக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவரும் எழுதியதில்லை. அன்றைக்கு ராத்திரி மீன் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

இனி நான் ஏன் கத்திக்குத் துணிந்தேன் என்று சொல்கிறேன். முனிசிபல் பூங்காவில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கேட்காது. ஆனாலும் கண் நன்றாக இருந்த காலத்தில் அங்கே போய் உட்காருவேன். நான் ரேடியோவைப் பார்ப்பதில்லை, கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். பாட்டு என்றால் ஒரு முகம், யுத்தச் சேதி என்றால் ஒரு முகம், விலைவாசி என்றால் இன்னொரு முகம். அவர்கள் முகத்திலிருந்தே பாதிச் சேதியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருவேன். நாடு நம்முடையதான அடுத்த தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கம் போல அங்கே இருந்தேன். கண்ணில் புரை முற்றியிருந்தது. எல்லோரும் எழுந்து நிற்பது மட்டும் தெரிந்தது. கொடிக்கு எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்து நானும் எழுந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் விலகிப் போய்விட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் ரீத்தா என் காதில் சொன்னாள், டெல்லியில் அந்தப் பெரியவரைச் சுட்டுவிட்டார்கள் என்று. கத்திச் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? அழுதுகொண்டே கத்தினாள். ஊரே அழுகிற இடத்தில் நான் சிரித்தபடி நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் பூங்காவுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன்.

கண் டாக்டர் பார்த்துவிட்டுப் புரை பழுத்துவிட்டது, எடுக்கலாம் என்றார். முன்பெல்லாம் ஊர் ஊராக வந்து ஊசியால் கண்ணில் பூவைத் தள்ளிவிட்டுப் போவார்களே, அப்படியா என்று உன் அம்மா நடுங்கினாள். இது அது இல்லை, புரையையே வெளியே எடுத்துவிடுவோம், பிறகு கண்ணாடி போட்டால் தெரியும் என்றார். ஒரே ஒரு சங்கடம். மயக்க மருந்து கிடையாது, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நான் விழித்துக்கொண்டு இருக்க வேண்டும். கீழே பார் என்றால் கீழே பார்க்க வேண்டும், அசையாதே என்றால் அசையக் கூடாது. காது கேட்காத ஆளிடம், வாயில் துணி கட்டிக்கொண்டு நிற்கிற டாக்டர் எப்படிச் சொல்லுவார்? காதில் கத்தினால் திடுக்கிட்டு அசைவேன். அவர் பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தார். அப்போது உன் மாமாதான் சொன்னான்.

"ஐயா, கடலுக்கு அடியில மட்டும் இவருக்குக் காது கேட்டுச்சா? கயித்துலதான பேசினோம். கயித்த எங் கையில குடுங்க."

டாக்டர் சிரித்தார், சரி என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நீ கடலில் இறங்கவில்லை, ஆகையால் இது உனக்குச் சொல்லக் கேள்விதான். சங்கு குளிக்கப் போகிறவன் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டான். பெண்சாதியோடு கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். அண்ணன் தம்பி என்றால் சொத்து, வழக்கு, என்னென்னவோ இருக்கும். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றைத் தளர விட மாட்டான். இது எங்களுக்குள் எழுதாத சட்டம். உன் மாமா என் கயிற்றைப் பிடித்த காலமெல்லாம், கீழேயிருந்து நான் சுண்டிய மறு நொடி மேலே வந்திருக்கிறேன். வாய்ச் சண்டை போட்டு இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும் அந்தக் கயிறு தாமதித்ததில்லை.

ஆப்பரேசன் அன்று உன் மாமா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தான். கயிற்றை வெந்நீரில் போட்டுத் துவைத்துக் கொண்டு வந்திருந்தான். ஒரு இழுப்பு என்றால் கீழே பார், இறுக்கிப் பிடித்தால் அசையாதே என்று பேசி வைத்துக்கொண்டோம். என்னை மேசையில் படுக்க வைத்தார்கள். கண்ணில் மருந்துத் தண்ணீர் விட்டார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டினார்கள். வலி இல்லை, மகனே. ஆனால் கண்ணை மூட முடியவில்லை. மேலே வெள்ளை வெளிச்சம், சுற்றிலும் சத்தம் இல்லை, முகத்துக்கு நேரே ஏதோ அசைகிறது. கடல் அடியில் மூச்சு முட்டும்போது வருகிற பயம் அப்படியே வந்தது. என் கை என்னைக் கேட்காமல் கயிற்றைச் சுண்டிவிட்டது.

பிறகு நடந்ததைக் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த உன் தங்கைதான் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு முட்டுகிறது. உன் மாமா ஒரு காலை மேசைக் காலில் ஊன்றினானாம். "மாதாவே!" என்று ஒரு கூப்பாடு. இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் கயிற்றை இழுத்து, என்னைப் பாதி மேசையிலிருந்து உருவிவிட்டான். சாமான் தட்டு கீழே விழுந்தது, நர்ஸம்மா அலறினார். அவன் விடவில்லை. என்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, முதுகில் அடித்து, "துப்பு மச்சான், தண்ணியத் துப்பு!" என்கிறான்.

அவனுக்கு அது ஆஸ்பத்திரி என்பதே அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நல்லவேளை, டாக்டர் இன்னும் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்தக் கண் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் முகத்துணியை இறக்கிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "அடுத்த வாரம் வாருங்கள். இவர் வேண்டாம். நீங்கள் இழுத்தாலும் திருப்பி இழுக்காத ஆளாகப் பார்த்துக் கூட்டி வாருங்கள்" என்றார்.

உன் மாமா இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது வாசலிலேயே நின்றான். "எங் கையக் கட்டிப்போட்டுட்டுப் பிடிக்கேன் மச்சான்" என்றான். அவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தோம். அவன் கை செய்தது சரியான வேலை, இடம்தான் மாறிவிட்டது என்று நான் சொன்னேன். ஆனால் வேறு யார் பிடிப்பது? எனக்கு அவன் ஒருவன்தான் மச்சான். உறவில் தூரத்து மச்சான்மாரை எல்லாம் எண்ணிப் பார்த்தோம். எவன் பிடித்தாலும் கடல்காரன், சுண்டினால் இழுத்துவிடுவான். அப்போது ரீத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் சொன்னாள்.

"நான் பிடிக்கேன்ப்பா."

எனக்குக் கோபம் வந்தது. "பொட்டப்பிள்ளை கயிறு பிடிக்கிறதா? கேட்டவன் சிரிப்பான். மக கையில உசிரக் குடுத்தான்னு துறை முழுக்கப் பேசுவான்" என்றேன். உன் மாமாவும் தலையாட்டினான். அதுவரை முற்றத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்த உன் அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தாள். அவள் வாய் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் கேட்டது.

"அண்ணன் கயிறு பிடிச்சது ஆருக்காவ? எந் தாலிக்காவ. தாலி என்னுது. ஆரு பிடிக்கணும்னு நான் சொல்லுதேன். எம் மவா பிடிக்கட்டும். ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருங்க."

அந்தச் சட்டத்துக்குள் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது என்று இவ்வளவு வருஷமாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. உன் மாமா எழுந்து போய், வெந்நீரில் துவைத்த அந்தக் கயிற்றைக் கொண்டு வந்து ரீத்தா கையில் கொடுத்தான். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், எங்கே விரலில் சுற்ற வேண்டும் என்று காட்டினான். "ஒங்கப்பா சுண்டுனா உள்ளங்கை பதறும். பதறட்டும். நீ இழுத்துராத" என்று சொன்னானாம். பிறகு டாக்டர் அந்தக் கயிற்றையும் வேண்டாம் என்று சொல்லி ஆஸ்பத்திரி நாடாவைக் கொடுத்தார், அது வேறு விஷயம்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் இதுதான் வேலை. நான் பாயில் படுப்பேன், அவள் கயிற்றைப் பிடிப்பாள். உன் அம்மா திடீரென்று என் முகத்தில் ஈரக் கையை உதறுவாள். நான் சுண்டுவேன். முதல் நாள் ரீத்தாவும் இழுத்துவிட்டாள். அப்புறம் இழுக்கவில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவளை இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறார், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று. தெருவுக்கே பேப்பர் வாசித்தவள் பதில் சொன்னது அவர் காதில் விழவில்லையாம். "சத்தமாகச் சொல்லம்மா" என்று தமிழுக்கு வந்துவிட்டாராம்.

மறுபடி அந்தக் கம்பி, அந்த வெளிச்சம். பயமும் மறுபடி வந்தது. நாடா ஒரு தரம் இழுபட்டது, கீழே பார்த்தேன். பிறகு கண்ணுக்குள் ஏதோ அழுத்துவது போல இருந்தது. என் கை சுண்டியது, பலமாகவே சுண்டியது. மறுமுனை என்னை மேலே இழுக்கவில்லை. விட்டுப் போகவும் இல்லை. இறுகி நின்றது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது, என் பயம் அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் என்னை அங்கேயே இருக்கச் சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் கிடந்தேன். ஒரு மூச்சுக்குள் முடிந்தது போலவும் இருந்தது, ஒரு பருவம் முழுக்கக் கிடந்தது போலவும் இருந்தது. வெளியே வந்ததும் உன் தங்கை வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதாளாம். உள்ளங்கையில் நாடாவின் அச்சு விழுந்திருந்தது. இதை அவள் சொல்லவில்லை. என் கையில் அவள் எழுதும்போது நான் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நாளெல்லாம் படுத்துக் கிடக்கிறேன். இருமக் கூடாது, தும்மக் கூடாது, மெல்லக் கூடாது, சிரிக்கவும் கூடாது. கஞ்சி மட்டும்தான். பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர், நெல் வயல் உள்ளவர். வந்த அன்று எனக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று தகராறு செய்தாராம். வீட்டிலிருந்து அவருக்கென்று தனியாகச் சாப்பாடு வந்ததாம். அவர் கண்ணிலும் கட்டுப் போட்ட பிறகு, இங்கே ஒரே அண்டாவில் காய்ச்சுகிற கஞ்சியை எனக்கு ஊட்டுகிற அதே நர்ஸம்மாதான் அவருக்கும் ஊட்டுகிறார். நேற்று அவர், "தூத்துக்குடிக்காரரே, தூங்கிட்டீரா?" என்று கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. ரீத்தா என் கையில் எழுதினாள். நான் பதில் சொன்னேன். அப்படியே அவள் கை வழியாக நாங்கள் ஆற்றுத் தண்ணீரைப் பற்றியும் கடல் தண்ணீரைப் பற்றியும் மத்தியானம் முழுவதும் பேசினோம். கட்டைப் பிரித்ததும் அவர் பழைய ஆளாகிவிடலாம். ஆகாமலும் இருக்கலாம். நான் இரண்டாவதை நம்புகிறேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு கடுதாசியிலும் தலைவலி என்று எழுதுகிறாய், கடைசி வரியில் எழுதுகிறாய். கணக்குப் பார்க்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று ரீத்தாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறாய். கண்ணாடி போட்டால் கடையில் சிரிப்பார்கள் என்கிறாயாம். இன்னும் கலியாணம் ஆகாத பையன், பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று வேறு. ஏலே, காது உடைந்தால்தான் சங்கு குளிக்கிறவன் என்று பெருமை பேசுகிற கூட்டத்தில் பிறந்தவன் நான். காதில் ரத்தம் வந்த அன்று என் கூட்டாளிகள் கைதட்டினார்கள், நானும் சிரித்தேன். வைத்தியம் பார்க்கலாம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. உடம்பில் ஒன்று கெட்டுப் போவதை வீரம் என்றோ வெட்கம் என்றோ பேர் வைத்து மூடி வைக்காதே. கண்ணாடி போடு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், கணக்குச் சரியாக வரும். காதுக்கும் மின்சாரத்தில் ஒரு கருவி வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சீழ் பிடிக்காமல் இருக்கப் புது ஊசி மருந்து வந்திருக்கிறதாம். என் வயதில் இவற்றை எல்லாம் கேட்கும்போது, சீக்கிரம் பிறந்துவிட்டோமே என்ற வருத்தம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. சந்தைக்குப் போய்க் கடைசி நேரத்தில் நல்ல மீன் கண்ணில் பட்டது போல இருக்கிறது.

குடியுரிமை விஷயத்தில் அங்கே இருக்கப் பதிவதா, இங்கே திரும்புவதா என்று கேட்டிருந்தாய். அதை நான் சொல்ல மாட்டேன். எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்ப் பேச்சுக்குக் காதைக் கொடு. வாய்க்கும் வேலை கொடு, உனக்கு அது கூச்சம், தங்கையைப் போலத்தான். வரிசையில் நிற்கிறவனை இடித்துக்கொண்டு முன்னால் போகாதே. நம் ஆள் என்பதற்காக ஓட்டுப் போடாதே. நீ அனுப்பிய தைலத்தை உன் அம்மா முழங்காலில் தேய்த்துக்கொள்கிறாள். நல்ல தைலம், இன்னொரு குப்பி அனுப்பு.

இந்த இடத்தில் நர்ஸம்மா வந்து போதும் என்று சொல்லிவிட்டார். கடுதாசியைத் தபாலில் போட வேண்டாம், கட்டைப் பிரிக்கட்டும், நல்லதோ கெட்டதோ சேர்த்து எழுதி அனுப்பலாம் என்று ரீத்தாவிடம் சொன்னேன். ஒரு இழுப்பு இழுத்தாள்.

இன்று காலை பிரித்தார்கள். பஞ்சை எடுத்ததும் வெளிச்சம் உள்ளே கொட்டியது, கண்ணீராக வடிந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல அலைந்தது. ஜன்னல் எது, ஆள் எது என்று பிரிந்தது, அவ்வளவுதான். இதற்குத்தானா இவ்வளவும் என்று கேட்டேன். டாக்டர் பொறுக்கச் சொல்லி என் தோளைத் தட்டினார். பெட்டியிலிருந்து வட்டமான ஒரு கண்ணாடியை எடுத்து, சோடாப் பாட்டில் அடி போலத் தடித்த கண்ணாடி, அதை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். நிரந்தரமாகப் போட இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம், இது சோதித்துப் பார்க்க.

முதலில் அவர் மீசை தெரிந்தது, நரைத்த மீசை. அவர் கண்ணாடியை மெல்லத் திருப்பினார். ரீத்தா நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். நெற்றியில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அவள் உதடு அசைந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கத்துகிறாளோ, மிச்சம் இருந்த காதும் போய்விட்டதோ என்று ஒரு கணம் திகைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பவில்லை, நர்ஸம்மா அதட்டவில்லை. அவள் கத்தவே இல்லை. எல்லோரும் தகப்பனிடம் பேசுவது போல, தன் சாதாரணக் குரலில், வார்த்தை வார்த்தையாகப் பேசினாள்.

"அண்ணனுக்கு என்ன எழுதட்டும்ப்பா?" என்று கேட்டாள்.

ஏளா, இப்போது நீ கேட்டது எனக்கு விளங்கிற்று என்று எழுது, அது போதும் என்றேன்.

உன் அப்பா.